மலையகத்துக்காகப் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதும் முறை

பிரித்தானியாவில் வாழும் மலையகத்தவர் (இலங்கையின் மலைநாட்டுத் தோட்டத் தமிழர்) தாம் வசிக்கும் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கே எழுத வேண்டும். முகவரியும் அஞ்சல் குறியீடும் இல்லாத கடிதம் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டுவிடும். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் முதல் முழு வரலாற்றையும் சொல்லத் தோன்றும். ஒரு பத்தி போதும்.

கோரிக்கை ஒன்றே இருக்கட்டும்: மண்சரிவு அபாயமுள்ள லயன்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) வாழும் குடும்பங்களைக் காணி உறுதியுடன் (நில உரிமைப் பத்திரத்துடன்) கூடிய தனிவீடுகளுக்கு மாற்ற நிதியுதவி வழங்குமாறு பிரித்தானிய வெளியுறவு அமைச்சரிடம் வலியுறுத்தக் கேட்கலாம். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணில் புதைந்ததைக் குறிப்பிடுங்கள். இந்திய அரசின் நிதியில் தோட்டங்களில் வீடுகள் கட்டப்பட்டிருப்பதால், வெளிநாட்டு உதவி அங்கே புதிதன்று என்பதையும் காட்டலாம். குறிப்பிட்ட தோட்டத்தைப் பற்றி எழுதுவதானால், மண்சரிவு அபாயத்தை மதிப்பிடும் இலங்கை அரசின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அபாய அறிவித்தல் அங்குள்ள உறவினரிடம் இருந்தால் அதன் பிரதியை இணையுங்கள். ஆனால் அவரது பெயரைச் சம்மதமின்றிச் சேர்க்கக் கூடாது, ஏனெனில் தோட்ட நிர்வாகத்தின் முகச்சுளிப்பைத் தாங்க வேண்டியவர் அவரே.

கடிதத்தைத் தவிர இன்னொரு வழியும் உண்டு: பிரித்தானிய நாடாளுமன்ற இணைய மனுவில் 10,000 கையொப்பங்கள் சேர்ந்தால் அந்நாட்டு அரசு பதிலளிக்கும்.