ஒகேனக்கல் பரிசலைச் சுற்றவிட்டு கோடிங் கற்றுக்கொடுப்பது எப்படி?

ஐந்திலிருந்து ஏழு வயது வரை உள்ள பிள்ளைக்கு, படக் கட்டளைகளைக் கோத்து உருவங்களை நகர்த்தும் ஸ்க்ராட்ச் ஜூனியர் செயலியே போதும். இலவசம், கணக்கு தொடங்க வேண்டியதில்லை. ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலே ஓடும் என்பதால், பென்னாகரம் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும் வீட்டிலும் சிக்கல் இல்லை. ஆனால் போனில் வேண்டாம். திரை சின்னதென்றால் பிளாக்குகள் (கட்டளைத் துண்டுகள்) நெருங்கி நிற்கும், பிள்ளையின் விரல் பக்கத்தில் இருப்பதைச் சேர்த்து இழுத்துவிடும். 7 அங்குல டேப்லெட்டாவது வேண்டும்.

டேப்லெட்டைக் கொடுப்பதற்கு முன் தரையில் கோலமாவால் ஐந்தாறு கட்டம் போடுங்கள். பிள்ளை கட்டளை சொல்லட்டும், நீங்கள் நடங்கள். "போங்க" என்றால் அசையக் கூடாது. "வலப்பக்கம் 3 கட்டம்" என்றால் மட்டும் நடக்க வேண்டும். எந்தப் பக்கம், எத்தனை என்று இரண்டையும் சொல்லியாக வேண்டும் என்பது பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

இனி செயலி. புதிதாகத் திறந்தால் பூனை நிற்கும். இடப்பக்கப் பட்டியலில் அதை அழுத்திப் பிடித்து நீக்குங்கள். கூட்டல் குறியைத் தொட்டு, தூரிகையைத் தேர்ந்தெடுத்து, பரிசலைப் பிள்ளையே வரையட்டும். மேலிருந்து பார்த்தால் பரிசல் வட்டம்தானே என்று வெறும் வட்டம் போட்டு, ஒரே நிறம் அடித்துவிட்டால் பின்னால் மாட்டிக்கொள்வீர்கள். அது சுற்றினாலும் சுற்றுவது கண்ணுக்குத் தெரியாது! மூங்கில் பின்னலுக்கு நாலு கோடும், ஓரத்தில் ஒரு துடுப்பும் போடச் சொல்லுங்கள். நடுவில் சின்ன வட்டம் போட்டு, கேமரா குறியைத் தொட்டு அந்த வட்டத்தைத் தொட்டால், பிள்ளையின் முகத்தையே படம் பிடித்துப் பரிசலில் உட்காரவைக்கலாம். அப்புறம் டேப்லெட்டைக் கீழே வைக்கவே மனசு வராது.

முதலில் பச்சைக்கொடி படம் போட்ட மஞ்சள் பிளாக், அதன் வலப்பக்கம் நீல நிற வலது அம்பு, அம்பின் கீழே எண் 10. கொடியைத் தொட்டால் பரிசல் 10 கட்டம் போகும். "சுத்தவே இல்லையே" என்று பிள்ளை கேட்கும். சுழலும் அம்பில் 12 போட்டால் ஒரு முழுச் சுற்று. பெரும்பாலும் அதை அதே வரிசையின் கடைசியில்தான் மாட்டுவார்கள். பரிசல் நேராகப் போய் நின்று, நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றும்.

இங்கே நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. "ஆத்துல பரிசல் இப்படியா போகும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஒரே வரிசையில் உள்ள பிளாக்குகள் ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்று ஓடும். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டுமானால் வரிசை இரண்டு வேண்டும். சுழலும் அம்பைப் பிரித்தெடுத்து, அதற்குத் தனியாக இன்னொரு பச்சைக்கொடி மாட்டி, முடிவில் சிவப்பு நிற 'எப்போதும்' பிளாக்கைப் போட்டால், பரிசல் சுற்றிக்கொண்டே போகும். பெரியவர்கள்கூடத் திணறும் இடம் இது. பிள்ளை தானாகக் கண்டுபிடித்தால் அன்றைக்கு அது போதும். சுற்றுவதை நிறுத்த, மேலே கொடி இருந்த இடத்தில் வரும் சிவப்புப் பொத்தானைத் தொடுங்கள்.

எண் பெரிதாகிவிட்டால் பரிசல் வலப்பக்கம் மறைந்து இடப்பக்கமாக வந்து நிற்கும். பழுதில்லை. திரையின் அகலம் 20 கட்டம்தான். கட்டக்கோடுகளைக் காட்டும் பொத்தானைத் தொட்டு எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பிளாக்கை இழுத்தால் வலப்பக்கம் இருப்பதெல்லாம் கூடவே வரும், ஆகவே கழற்றும்போது கடைசியிலிருந்து கழற்றுங்கள்.

மறுநாள் பாறை ஒன்றை வரைந்து, அதற்கு 'மோதினால் தொடங்கு' என்ற மஞ்சள் பிளாக்கையும், பிள்ளையின் குரலில் பதிந்த "ஐயோ!"வையும் மாட்டுங்கள்.

எட்டு வயதுக்கு மேல் என்றால், இதே பிளாக் முறையில் பெரிய பிள்ளைகளுக்கான ஸ்க்ராட்ச். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குப் போய்வந்த பிள்ளைக்கு, விழும் மாங்காயைக் கூடையில் பிடிக்கும் விளையாட்டு பொருத்தமாக இருக்கும். மாங்காயை உயரம் (y) 170-இல், குறுக்கே (x) -200 முதல் 200-க்குள் ஏதோ ஓர் இடத்தில் வைத்து, 'எப்போதும்' பிளாக் திரும்பத் திரும்ப ஓடும் ஒவ்வொரு சுற்றிலும் உயரத்தை -5 மாற்றுங்கள். தரை தொட்டதா என்று பார்க்க, திரையின் அடி விளிம்பான -180-க்குக் கீழே என்று எழுதாதீர்கள். உருவம் திரையைவிட்டு முழுதாக வெளியே போக ஸ்க்ராட்ச் விடாது என்பதால், சின்ன மாங்காய் அடியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். -170 போடுங்கள்.

ஒரு மாங்காய்க்கு மதிப்பெண் 1-க்குப் பதில் 6, 7 என்று ஏறினால், அது கூடையைக் கடக்கும்வரை ஒவ்வொரு சுற்றிலும் கணக்கு ஏறுகிறது என்று அர்த்தம். மதிப்பெண் கூட்டிய அடுத்த பிளாக்கிலேயே மாங்காயை மேலே அனுப்புங்கள். கொடி பிளாக்கின் கீழே மதிப்பெண்ணை 0 ஆக்க மறந்தால் பழைய கணக்கே தொடரும். கணினியில் நெட் இல்லாமல் ஓடும் ஸ்க்ராட்ச் தானாகச் சேமிக்காது, மூடுவதற்கு முன் சேமித்துவிடுங்கள்.