ஜூமில் பொதுக்கூட்டம்: அழையா விருந்தாளிகளை வெளியே நிறுத்துவது எப்படி?

ஜூமில் கணக்குத் தொடங்குவது, கூட்டத்துக்கு நேரம் குறிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை. புத்தக அறிமுகம், இலக்கிய உரை மாதிரி முன்பின் தெரியாதவர்களும் வரக்கூடிய கூட்டங்களை நடத்துகிறவர்களுக்கான குறிப்பு இது. எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில் யாரோ புகுந்து ஆபாசப் படம் ஓட்டிய பிறகு, ஒவ்வொரு அமைப்பாகப் பார்த்துச் சரிசெய்தோம்.

படி 1: சொந்த எண் வேண்டாம்

'பர்சனல் மீட்டிங் ஐடி' மாறாத எண். ஒருமுறை வெளியே போய்விட்டால் உங்கள் அடுத்த கூட்டத்துக்கும் அதே எண்தான். 'ஜெனரேட் ஆட்டோமேட்டிக்கலி'யைத் தேர்ந்தெடுங்கள்.

படி 2: லிங்க்குக்குள் ஒளிந்திருக்கும் பாஸ்கோட்

எங்களை அதிகம் குழப்பியது இதுதான். பாஸ்கோட் வைத்திருந்தும் எப்படி உள்ளே வந்தார்கள்? ஜூம் தரும் லிங்க்கை உற்றுப் பாருங்கள். ஒரு கேள்விக்குறி, அதன்பின் பி, டபிள்யூ, டி என்ற மூன்று எழுத்துகள், ஒரு சமக்குறி, பிறகு நீளமாக ஏதோ எழுத்துகள். அந்த வால்தான் பாஸ்கோட். லிங்க்கைத் தொட்டாலே போதும், யாரும் எதையும் தட்டச்ச வேண்டியதில்லை. அதை ஃபேஸ்புக்கில் போடுவது, கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவது போல.

இதை அணைக்கும் வழியைச் செயலிக்குள் தேடாதீர்கள், கிடைக்காது. பிரவுசரில் ஜூம் தளத்துக்குள் நுழைந்து செட்டிங்ஸ், மீட்டிங், செக்யூரிட்டி என்று போனால் 'எம்பெட் பாஸ்கோட் இன் இன்வைட் லிங்க்' என்று ஒன்று இருக்கும். அதை அணையுங்கள். அணைத்துவிட்டு அதே போஸ்டரில் பாஸ்கோடையும் அச்சடித்தால் என்ன பயன்? சிரிக்காதீர்கள், அப்படிப்பட்ட போஸ்டர்கள் இன்னமும் கண்ணில் படுகின்றன.

போஸ்டரில் ஒரு கூகுள் படிவத்தின் முகவரியை மட்டும் போடுங்கள். பதிவு செய்தவர்களுக்குக் கூட்டத்தன்று காலையில் லிங்க்கும் பாஸ்கோடும் மின்னஞ்சலில் போகட்டும். முகவரிகளை 'பிசிசி'யில் போடுங்கள். 'டூ'வில் போட்டால் எல்லோருடைய முகவரியும் எல்லோர் கைக்கும் போய்விடும். இதற்காக வாட்ஸப் குழு தொடங்குவது அதைவிட மோசம், தொலைபேசி எண்ணே போய்விடும். படிவத்தில் எண் கேட்கவும் கூடாது என்பது என் கட்சி. கட்டணக் கணக்கு இருந்தால் ஜூமிலேயே ரிஜிஸ்ட்ரேஷன் வசதி உண்டு, ஆளுக்கொரு லிங்க் போகும்.

படி 3: வாசலில் ஓர் ஆள்

வெயிட்டிங் ரூமை (நீங்கள் அனுமதிக்கும்வரை வருகிறவர்கள் காத்திருக்கும் இடம்) இயக்கி வையுங்கள். நேரமாகிவிட்டால் 'அட்மிட் ஆல்' அழுத்தக் கை பரபரக்கும். வேண்டாம். 'கேலக்ஸி', 'ரெட்மி', 'ஐபோன்' என்று பெயர்கள் வரிசையாக நிற்கும், யார் எவர் என்றே தெரியாது. படிவத்தில் கொடுத்த பெயரிலேயே வரும்படி மின்னஞ்சலில் எழுதிவிட்டால் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராக விடலாம்.

இன்னொரு சிக்கல்: இலவசக் கணக்கில் கோ-ஹோஸ்ட் வசதி, அதாவது கூட்டத்தை நடத்தும் ஹோஸ்டுக்குத் துணையாக இன்னொருவரை வைப்பது, கிடையாது. அதனால் ஹோஸ்டாக நுழைகிறவர் வாசலை மட்டும் பார்க்கட்டும். வரவேற்புரை, தொகுப்புரை எல்லாம் வேறொருவர் சாதாரணப் பங்கேற்பாளராக வந்து செய்யட்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் இரண்டும் கெடும்.

படி 4: உள்ளே வந்தபின்

'ஹோஸ்ட் டூல்ஸ்' பொத்தானில் (பழைய பதிப்பில் 'செக்யூரிட்டி') மற்றவர்கள் திரையைப் பகிர்வது, தாங்களே மைக்கைத் திறப்பது, பெயர் மாற்றுவது மூன்றையும் அணையுங்கள். உரையாளரின் படங்களை முன்பே வாங்கி ஹோஸ்டே காட்டிவிடலாம்.

மீறி யாராவது கலாட்டா செய்தால் அதே பொத்தானுக்குள் 'சஸ்பெண்ட் பார்ட்டிசிபன்ட் ஆக்டிவிட்டீஸ்' இருக்கிறது. எல்லோருடைய வீடியோ, மைக், சாட் எல்லாம் ஒரே நொடியில் நின்றுவிடும், பதிவும் நிற்கும். அப்புறம் நிதானமாக ஆளை வெளியேற்றிவிட்டு ஒவ்வொன்றாகத் திறக்கலாம். 'லாக் மீட்டிங்' எனக்குப் பிடிக்காது. கரண்ட் போய்த் திரும்பி வருகிறவரும் வெளியிலேயே நிற்க வேண்டும்.

படி 5: கூட்டத்தை ஒளிப்பதிவு செய்வது

பதிவு செய்வதைத் தொடக்கத்திலேயே அறிவியுங்கள். உரை முடிந்ததும் பதிவை நிறுத்திவிட்டுத்தான் கேள்வி பதிலுக்குப் போக வேண்டும். கேட்க வந்தவரின் முகமும் வீட்டுக் கூடமும் யூடியூபில் கிடக்க வேண்டியதில்லை.

முழுமறையாக்கம் (பேசுவதைக் கூட்டத்தில் இருப்பவர்களைத் தவிர யாரும், ஜூம் நிறுவனமும்கூட, கேட்க முடியாதபடி பூட்டுவது) தேவையா என்று கேட்பார்கள். 2020 அக்டோபரிலிருந்து ஜூமில் அது இருக்கிறது. அதற்கு முன்பே இருப்பதாகச் சொல்லிக்கொண்டதற்காக அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் மாட்டிக்கொண்ட கதை தனி. முழுமறையாக்கத்தை இயக்கினால் கிளவுட் பதிவும் (ஜூமின் சர்வரில் சேமிப்பது) யூடியூப் நேரலையும் போய்விடும். பொது உரைக்கு எதற்கு? பாதிக்கப்பட்டவர்கள் மனம்விட்டுப் பேசும் சிறு கூட்டம் என்றால் கட்டாயம் இயக்குங்கள்.

ஜூம் போலவே இணையவழிக் கூட்டம் நடத்த உதவும் ஜிட்சி மீட் கட்டற்ற மென்பொருள் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். ஆனால் 2023 ஆகஸ்ட் முதல் அவர்களின் பொதுத் தளத்தில் அறை திறக்கக் கூகுள், ஃபேஸ்புக், கிட்ஹப் கணக்குகளில் ஒன்று வேண்டும். 'கவிதை' என்று அறைக்குப் பெயர் வைத்தால் யாரும் ஊகித்து நுழையலாம், நீளமாக வையுங்கள். நூற்றுக்கணக்கானோர் வருவார்கள் என்றால் யூடியூப் நேரலைதான் சரி. புதிய சேனலில் நேரலை வசதி திறக்க 24 மணி நேரம்வரை ஆகலாம், முந்தைய நாளே கேட்டு வையுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், 'நோட்டேக்கர்' என்ற பெயரில் வெயிட்டிங் ரூமில் யாரோ நிற்பதாக எழுதியிருந்தார். அது ஆள் இல்லை, பேச்சைப் பதிந்து குறிப்பெடுக்கும் செயலி. காலண்டரோடு இணைத்திருந்தால், இணைத்தவருக்கே நினைவில்லாமல் தானாக வந்து நிற்கும். நீங்கள் பதிவை நிறுத்தினாலும் அது தன் பாட்டுக்குப் பதிந்துகொண்டிருக்கும். உள்ளே விடாதீர்கள், உரியவரையே கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள்.