பாம் ஷெல்டர் கதவு முழுசாகத் திறக்கிறதா?

சிங்கப்பூரில் ஒவ்வொரு பிப்ரவரி 15 அன்றும் மாலை 6.20க்கு சைரன் ஒலிக்கும். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாள் அது. சைரன் கேட்டதும் எழுந்துபோய் உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு பாம் ஷெல்டரை, அதாவது குண்டுவீச்சின்போது ஒதுங்கும் அறையை, திறந்து பாருங்கள். எங்கள் வீட்டில் அந்த இரும்புக் கதவு பாதிதான் திறந்தது. பின்னால் இரண்டு சூட்கேஸ், அரிசி மூட்டை, தீபாவளி விளக்குச் சரம்!

எல்லாவற்றையும் காலிசெய்ய வேண்டாம். வீட்டில் உள்ளவர்கள் உட்காரும் அளவுக்குத் தரை தெரிந்தால் போதும். சக்கரம் வைத்த அலமாரி என்றால் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளிவிடலாம். காற்றுத் துளைகளை மட்டும் எதைக்கொண்டும் மறைக்காதீர்கள். கதவைக் கழற்றுவதோ சுவரை உடைப்பதோ கூடவே கூடாது.

அப்புறம் அவசரத்துக்கு ஒரு பை: டார்ச், பேட்டரி, தண்ணீர், அடையாள அட்டை நகல், அம்மாவின் சர்க்கரை மாத்திரை. மாத்திரையைப் பையிலேயே விட்டால் காலாவதியாகிவிடும். புதுசு வாங்கும்போது அதைப் பையில் வைத்துவிட்டு, பழையதைக் காலாவதியாகும் முன்பே எடுத்துப் பயன்படுத்துங்கள். பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்றும் வேண்டும். தமிழ் வானொலியான ஒலி 96.8ஐ இப்போதே பிடித்து வையுங்கள், பாட்டிக்கும் புரியும்.