கிலோ கணக்கில் காபித்தூள் வாங்காதீர்கள்

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து தங்கை மகனும் அவன் மனைவியும் நீலகிரியில் இருக்கும் எங்கள் கூடலூருக்கு வந்திருந்தார்கள். புதுக் குடித்தனம். பில்டர் வாங்கி ஆறு மாதம் ஆகிறதாம், ஒரு நாள்கூடக் காபி வாய்க்கவில்லையாம். பில்டரையும் தூள் டப்பாவையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். டப்பாவைத் திறந்து மோந்து பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கல்யாணமான புதிதில் நான் செய்த அதே தவறு.

பாலைத் தீய விடுவது, பில்டரின் மேல் பாத்திரத்தைச் சரியாகப் பொருத்தாமல் விடுவது, இதெல்லாம் இரண்டு நாளில் தானாகவே பழகிவிடும். வருஷக்கணக்கில் விடாமல் தொடர்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மொத்தமாகத் தூள் வாங்கி வைப்பது

அப்போது நாங்கள் தேவாலா பக்கம் இருந்தோம். தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற ஊர்களில் அதுவும் ஒன்று. ஆனி, ஆடியில் மரம் விழும், மண் சரியும், கடைக்குப் போக முடியாது. அதனால் மழைக்கு முன்னால் அரிசி, பருப்பு வாங்கிப் போடுகிற மாதிரி காபித்தூளும் இரண்டு கிலோ அரைத்து வைத்தேன். ஒரு கிலோ எவர்சில்வர் டப்பாவில், இன்னொரு கிலோ பிரிட்ஜில்.

ஆடி பாதியில் பிரிட்ஜில் இருந்த தூள் கட்டி கட்டியாகிவிட்டது. டப்பாவில் இருந்ததில் வாசனையே இல்லை. எனக்கு அது தெரியவில்லை, கைப்பக்குவம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மூன்று ஸ்பூன் போட்டவள் ஐந்து ஸ்பூன் போட்டேன். கசந்தது. கசப்புக்குச் சர்க்கரையைக் கூட்டினேன். நிறம் போதவில்லை என்று சிக்கரியைக் கூட்டினேன். மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "காப்பி குடிச்ச மாதிரியே இல்லையேம்மா" என்றார். கடைசியில் முக்கால் கிலோவுக்கு மேல் ரோஜாச் செடிக்குப் போனது. தூளின் விலை மட்டுமா? அந்த இரண்டு மாதச் சர்க்கரையும் பாலும் சேர்ந்து வீண்.

கொட்டையாக இருக்கும்வரை வாசனை உள்ளே அடைந்து கிடக்கும். அரைத்த நிமிஷமே அது வெளியேறத் தொடங்குகிறது. வறுக்கும்போது கொட்டைக்குள் கரியமில வாயுவும் உண்டாகிறது. தூளாக்கினால் அதுவும் சீக்கிரம் போய்விடும். பிறகு காற்றுப் பட்டு எண்ணெய்ப் பசை சிக்குப் பிடிக்கும். மழைக்காலத்தில் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பிரிட்ஜில் வைத்தால் தப்பலாம் என்று நினைப்பதுதான் இன்னும் மோசம். ஒவ்வொரு தடவை வெளியே எடுத்துத் திறக்கும்போதும் குளிர்ந்த தூளில் ஈரம் படிகிறது. போதாததற்கு உள்ளே இருக்கிற மாவு, பூண்டு, குழம்பு வாசனை எல்லாம் அதில் ஏறும். மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாலும் அதே கதிதான்.

தங்கை மகன் ஒத்துக்கொள்ளவில்லை. "பெரியம்மா, சித்திரையில வயநாடு போயிட்டு வர்றப்ப உங்க ஊர்லதானே ஒரு கிலோ வாங்கிட்டுப் போனோம். எஸ்டேட் ஊர்த் தூள் எப்படிக் கெடும்?" என்றான். எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். சுற்றுலா வருகிறவர்களும் இப்படித்தான் நினைத்துக் கிலோ கிலோவாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். தோட்டம் பக்கத்தில் இருந்தால் தூள் எப்படிப் புதிதாகும்? அரைத்த தேதியைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டு சின்னக் கிண்ணங்களில் ஒரு ஸ்பூன் அவன் தூளும் ஒரு ஸ்பூன் நான் முந்தின நாள் அரைத்த தூளும் போட்டு, ஆளுக்குக் கொஞ்சம் கொதிநீர் ஊற்றச் சொன்னேன். என் தூள் மெல்ல உப்பி, குமிழ் குமிழாக நுரைத்து மேலே எழும்பியது. அவனுடையது சேறு மாதிரி அப்படியே படுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் வாதாடவில்லை.

இரண்டு பேர் காலையில் ஒரு வேளை குடிக்க, நாளுக்கு 20 கிராம் தூள் போதும். ஆக வாரத்துக்கு 150 கிராம். அதற்கு மேல் ஒரு ஸ்பூன்கூட வாங்க வேண்டாம். கடைக்கு அடிக்கடி போக முடியாதவர்கள் வறுத்த கொட்டையாகக் கால் கிலோ வாங்கி, தேவைக்கு மட்டும் மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்துக்கொள்ளுங்கள். தூள் ஒரே சீராக வராதுதான். ஆனாலும் மூன்று மாதத் தூளைவிட அது எவ்வளவோ மேல். வைப்பதற்குச் சின்ன டப்பா, இறுக்கமான மூடி, அடுப்புக்கு எட்டத்தில். அவ்வளவுதான்.

தூளை அமுக்குவது

அழுத்தினால் டிகாக்‌ஷன் கெட்டியாக வரும் என்று கரண்டியால் குத்திவிடுகிறார்கள். தண்ணீர் இறங்க வழியில்லாமல் மேலேயே நிற்கிறது. உடனே பில்டரைத் தட்டுகிறார்கள், தூள் கீழே வந்துவிடுகிறது. தூளைச் சமமாகப் பரப்பி, குடை மாதிரி இருக்கிற தட்டை அதன்மேல் லேசாக வைத்தால் போதும். முதலில் தூள் நனையுமளவு மட்டும் ஊற்றி அரை நிமிஷம் விடுங்கள். பிறகு மீதியை ஊற்றுங்கள். 20 கிராமுக்கு 150 மில்லி தண்ணீர். கால் மணி, இருபது நிமிஷம் ஆகத்தான் செய்யும்.

கொதித்த தண்ணீரை ஆற வைப்பது

கொதித்தபின் இரண்டு நிமிஷம் ஆற விடுங்கள் என்று வீடியோக்களில் சொல்வது சமவெளிக்காரர்களுக்கு. அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மேலே ஏற ஏற, சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் குறையும். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் 97 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கிறது. ஊட்டியில் 93கூட வராது. மலையில் இருப்பவர்கள் அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு ஊற்றுங்கள். இங்கேயும் ஆற வைத்தால் சாறு இறங்காது.

சிக்கரி எவ்வளவு என்று பார்க்காமல் வாங்குவது

சிக்கரி ஒரு கிழங்கு வேர். அதில் கஃபீன் கிடையாது. நிறமும் கெட்டியும் கொடுக்கும். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் சட்டம். அப்படியென்றால் பாக்கெட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சிக்கரியே இருக்கலாம். அளவு பாக்கெட்டிலேயே போட்டிருக்கும், சின்ன எழுத்தில். சில்லறையாக வாங்கிய தூளில் சந்தேகம் வந்தால் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். காபி கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி சட்டென்று நிறம் விட்டுக்கொண்டே கீழே இறங்கும்.

கூடலூர், பந்தலூர், அந்தப் பக்கம் வயநாடு, எங்கும் ரொபஸ்டா என்கிற காபி வகைதான் அதிகம். வயநாட்டு ரொபஸ்டாவுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்னொரு வகையான அராபிகாவைவிடக் கசப்பும் கஃபீனும் அதில் கூடுதல். அதற்கு 20 சதவீதத்துக்கு மேல் சிக்கரி போடாதீர்கள். கசப்பு தாங்காது என்றால் பாதிக்குப் பாதி அராபிகா கலந்து அரைக்கச் சொல்லுங்கள்.

டிகாக்‌ஷனை அடுப்பில் வைப்பது

வைக்காதீர்கள். சூடு வேண்டுமானால் பாத்திரத்தோடு வெந்நீரில் நிறுத்துங்கள்.

பில்டரைச் சோப்புத்தூள் போட்டு ஊற வைப்பது

வெந்நீரே போதும். ஓட்டை அடைத்திருந்தால் தீயில் ஒரு நிமிஷம் காட்டித் தட்டுங்கள்.

பில்டர் இல்லாதபோது தூளைக் கொதிக்க விடுவது

கேரள எல்லை தாண்டினால் வீட்டுக்கு வீடு கட்டங்காப்பிதான், அதாவது பால் சேர்க்காத காபி. எங்கள் வீட்டிலும் சாயந்திரம் அதுதான், வெல்லம் போட்டு. டீத்தூள் மாதிரி பத்து நிமிஷம் கொதிக்க விட்டால் காறல் அடிக்கும். தண்ணீர் தளதளவென்று கொதித்து வெல்லம் கரைந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். அப்புறம்தான் தூள். ஒரு கிளறு கிளறி மூடி, நான்கு நிமிஷம் தொடாதீர்கள். திறந்ததும் ஒரு ஸ்பூன் பச்சைத் தண்ணீர் தெளித்தால் மேலே மிதக்கிற தூள் அடங்கிவிடும். பாத்திரத்தை அலுங்காமல் சாய்த்து ஊற்றுங்கள். அடியில் ஒரு விரற்கடை அளவு அப்படியே நிற்கட்டும், அது மண்டி.