வெளிநாட்டுச் சுருட்டு வன்னிக்கு வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வருகிற சொந்தக்காரர் கியூபாவிலோ நிக்கரகுவாவிலோ கையால் சுற்றிய சுருட்டு நாலைந்து கொண்டு வருவார். அன்று பின்னேரமே முற்றத்தில் கதிரை போட்டு ஒன்றைப் பற்றவைப்பார்கள். “இதுக்கே இவ்வளவு காசு? எங்கட சுருட்டே திறம்” என்று தீர்ப்பும் வந்துவிடும். சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுக்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் நடக்கிற பிழைகள் வேறு.

கோடாச் சுருட்டோடு ஒப்பிடுவது

யாழ்ப்பாணச் சுருட்டுப் புகையிலை பொச்சுமட்டை எரித்துப் புகையூட்டிப் பதப்படுத்துவது. இலைக்கு ஊட்டுகிற கோடாச் சாறும் சேர்ந்தால் முதல் இழுவையிலேயே தொண்டையைப் பிடிக்கும். கியூபா இலையோ காற்றில் உலர்த்தி, குவித்துப் புளிக்கவைத்தது. அதன் சுவை எரிய எரிய மாறும். முதல் மூன்றில் ஒரு பங்கு முடியுமுன் எதுவும் சொல்லக்கூடாது.

ஈரம் பாராமல் பற்றவைப்பது

சுருட்டை நாசமாக்குவதில் முதலிடம் இதற்குத்தான். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதால் எரிச்சலாகவும் இருக்கிறது. நல்ல சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும். சோளகம் வீசுகிற மாதங்களில் திறந்து வைத்தால் மேலிலை சில நாளிலேயே வெடிக்கும். எண்ணெய்ப்பசை போய், சூடாக எரிந்து நாக்கைச் சுடும். மாரியில் நேர்மாறு: உள்ளிலை ஊதி, இழுக்க வராது, அடிக்கடி அணையும், புளிப்பும் கசப்பும்தான் மிஞ்சும். இந்த இரண்டையும் வைத்துச் சுருட்டை மதிப்பிடவே முடியாது.

பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மெல்ல அமத்திப் பாருங்கள். அமுங்கி மீண்டால் சரி. மொறுமொறுத்தால் காய்ந்துவிட்டது, அமுங்கியபடி நின்றால் ஈரம் கூட.

காய்ந்ததைக் காப்பாற்றவென்று ஈரத்துணியைப் பெட்டிக்குள் வைப்பார்கள். பூஞ்சணம் பிடிக்கும், உள்ளிலை சட்டென ஊதி மேலிலையைக் கிழிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியும் ஈரத்தை 65 சதவீதத்தில் நிறுத்திவைக்கும் ஈரப்பத உறையும் போதும். 60 கிராம் உறை ஒன்று சுமார் 25 சுருட்டைத் தாங்கும். உறையையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். பயணம் வந்த சுருட்டை இரண்டு மூன்று கிழமை அதில் ஆறவிடுங்கள்.

ஈரப்பதமானி பொய் சொல்லலாம். போத்தல் மூடியில் உப்பை இட்டு, கரையாமல் நனையுமளவுக்குத் தண்ணீர் விட்டு, அந்த மூடியையும் மானியையும் இறுக மூடிய பைக்குள் ஓர் இரவு வையுங்கள். 75 காட்ட வேண்டும்; எவ்வளவு தவறுகிறதோ அவ்வளவைக் கூட்டிக் கழித்து வாசியுங்கள்.

தகரக் கூரைக்குக் கீழே பெட்டியை வைத்தால் வேறோர் ஆபத்து. 25 பாகைக்கு மேல் வெப்பம் போனால் புகையிலை வண்டின் முட்டை பொரிக்கும். மேலிலையில் குண்டூசித் துளைகள் விழும். அப்படிக் கண்டால் மற்றச் சுருட்டுகளை இரண்டு பைக்குள் இறுகக் கட்டி, பிறீசரில் மூன்று நாள், பிறகு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள், பிறகே வெளியே. பை கட்டாமல் வைத்தால் சுருட்டு காய்ந்து, மீன் மணமும் ஏறும்.

வெட்டு

வாயில் வைக்கும் நுனியை மூடியிருக்கும் தொப்பி இலையில் 2 மில்லிமீற்றர் மட்டும். வளைவுக்குக் கீழே போனால் மேலிலை சுருள் கழரும்.

நெருப்பு

பெற்றோல் லைற்றர் வேண்டாம்.

வேகம்

நிமிடத்துக்கு ஓர் இழுவை. பீடிபோல இழுத்தால் எல்லாச் சுருட்டும் கசக்கும். வாயில் நின்ற புகையில் கொஞ்சத்தை மூக்கால் விட்டுப் பாருங்கள். மிளகு, கொக்கோ, மரவாசனை எல்லாம் அங்கேதான் பிரியும்.

பக்கத்தில் குடிப்பது

சீனி போட்ட பிளேன்ரீ அல்ல, தண்ணீர். இடையில் அணைந்தால் சாம்பலைத் தட்டி, உள்ளே நின்ற பழைய புகையை மெல்ல ஊதி வெளியேற்றிய பிறகே திரும்பப் பற்றவையுங்கள்.