ரொக்க ஜாமீனை எடுத்துவிட்டால் போதுமா? அமெரிக்க கவுன்டிகள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் ஜாமீன் சட்டத்தை எழுதுவது மாநிலம். ஜாமீன் கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதி. அதனால் பல கவுன்டி (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு) நிர்வாகங்கள் “இதில் எங்களுக்கு என்ன வேலை?” என்று ஒதுங்கிக்கொள்கின்றன. முதல் தவறே அதுதான். உள்ளூர் சிறைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது கவுன்டிதான். 2022 நடுவில் அந்தச் சிறைகளில் இருந்த சுமார் 6,63,000 பேரில் 70 சதவீதம் பேர் இன்னும் தண்டனை பெறாதவர்கள். அவர்களின் சாப்பாடு, காவல், வைத்தியம் எல்லாமே கவுன்டி பட்ஜெட்டில்தான் விழுகிறது. உள்ளே போனதும் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டு உதவியும் பொதுவாக நின்றுவிடும். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பது அங்கே கணக்கில் வராது.

அடுத்த தவறு, சீர்திருத்தம் என்றாலே ரொக்க ஜாமீனை, அதாவது பணம் கட்டினால்தான் வெளியே விடும் முறையை, ஒழிப்பது மட்டும்தான் என்று நினைப்பது. பணம் ஒரு பெரிய அநியாயம், மறுப்பதற்கில்லை. கையில் காசு இல்லாதவர், ஜாமீன் தொகைக்குப் பொறுப்பேற்கும் தனியார் முகவரிடம் போவார். அந்த முகவர் வழக்கமாகத் தொகையில் 10 சதவீதத்தைக் கட்டணமாக வாங்குவார். வழக்கே தள்ளுபடியானாலும் அது திரும்பி வராது. அதுவும் முடியாதவர் உள்ளே இருப்பார், வேலை போகும், கடைசியில் வீட்டுக்குப் போனால் போதும் என்று குற்றத்தை ஒப்புக்கொள்வார். இல்லினாய் 2023 செப்டம்பர் 18 அன்று ரொக்க ஜாமீனை முழுவதுமாக நீக்கியது. அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். சரி, பணம் போய்விட்டது. வெளியே வந்தவர் வாய்தாவுக்கு வருவதை யார் பார்த்துக்கொள்வது?

பல இடங்களில் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வாய்தாவுக்கு வராதவரை எல்லாம் தப்பியோடியவர் என்று எடுத்துக்கொண்டு வாரண்ட் போடுகிறார்கள். உண்மையில் பலர் தேதியை மறந்தவர்கள், பஸ் கிடைக்காதவர்கள், லீவு கிடைக்காதவர்கள், குழந்தையை விட்டுவர ஆள் இல்லாதவர்கள். நியூயார்க் நகரத்தில் சிறு குற்றங்களுக்கான சம்மன் படிவத்தைத் தேதியும் இடமும் பளிச்சென்று தெரியும்படி மாற்றினார்கள். ஆஜராகாதவர்கள் 13 சதவீதம் குறைந்தார்கள். குறுஞ்செய்தியில் நினைவூட்டியபோது குறைவு 21 சதவீதம். 2020-ல் வெளியான அந்த ஆய்வை எந்தக் கவுன்டி ஆணையரும் தயங்காமல் பட்ஜெட் கூட்டத்துக்கு எடுத்துப் போகலாம், ஏனென்றால் இதைவிட மலிவான திட்டம் கிடைப்பது கஷ்டம். டெக்சஸின் ஹாரிஸ் கவுன்டியில் சிறு குற்ற ஜாமீன் முறைக்கு எதிராக 2016-ல் வழக்கு வந்து, 2019-ல் சமரசத் தீர்ப்பு ஆனது. நினைவூட்டல் அனுப்புவதும், தவறிய வாய்தாவை மாற்றிக்கொள்ள வழி வைப்பதும் அதில் அடக்கம். வழக்குக்குச் செலவழித்த பிறகு செய்ததை முன்னமே செய்திருக்கலாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வெளியே விடுகிறோமே என்ற பயத்தில் எல்லோர் காலிலும் மின்னணுப் பட்டை, வாராவாரம் அலுவலகத்தில் ஆஜர், போதைப் பரிசோதனை என்று நிபந்தனைகளை அடுக்குவது. அதிலும் பட்டைக்கான கட்டணத்தை அவரிடமே வசூலித்தால், ரொக்க ஜாமீன் பின்வாசல் வழியாகத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். ஆபத்து குறைவானவரை இப்படிக் கட்டிப்போட்டால் நிபந்தனை மீறல் என்ற பெயரில் மறுபடி சிறைக்கு வருவார்.

வெளியே விட்டால் ஒருவர் வாய்தாவுக்கு வருவாரா, மறுபடி குற்றம் செய்வாரா என்று கணிக்கும் ஆபத்து மதிப்பெண் கருவியை வாங்கி வைத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதும் சரியல்ல. பழைய கைது விவரங்களை வைத்துத்தான் அது மதிப்பெண் போடுகிறது. கைதுகளில் இருந்த இனப் பாகுபாடு அதற்குள்ளும் வரும். ஒரு காலத்தில் இக்கருவிகளை ஆதரித்த முன்விசாரணை நீதி நிறுவனம் (Pretrial Justice Institute) என்ற சீர்திருத்த அமைப்பே 2020-ல் பின்வாங்கியது. என்னைக் கேட்டால், அந்தக் காசில் முதல் விசாரணையன்றே பக்கத்தில் ஒரு வழக்கறிஞரை நிற்க வைப்பது மேல். நீதிபதியிடம் வேலை, வீடு, குடும்பம் பற்றிச் சொல்ல அந்தச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும்.

அப்புறம் நிதி. நியூ ஜெர்சி 2017 ஜனவரியில் ரொக்க ஜாமீனைப் பெருமளவு கைவிட்டது. 2015 முடிவிலிருந்து மூன்று ஆண்டுகளில் விசாரணைக் கைதிகள் சுமார் 44 சதவீதம் குறைந்தார்கள். ஆனால் கண்காணிப்புப் பணிக்கான பணத்தை நீதிமன்றக் கட்டணங்களில் இருந்து எடுத்ததால் பற்றாக்குறை துரத்தியது. நிரந்தரப் பணிக்கு நிலையில்லாத வருமானத்தை நம்பக் கூடாது.

அதே மாநிலம் ஒன்றைச் சரியாகச் செய்தது: கணக்கை வெளியிட்டது. நீதிமன்றத்துக்கு வந்தவர்கள் 2014-ல் 92.7 சதவீதம், 2017-ல் 89.4. கொஞ்சம் குறைந்ததை மறைக்கவில்லை. நியூயார்க் மாநிலத்தில் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஜாமீன் சீர்திருத்தச் சட்டம் ஏப்ரலிலேயே திருத்தப்பட்டது. பேசுவதற்கு எண்கள் சேரும் முன்பே பரபரப்பான வழக்குகள் பேசிவிட்டன. எனவே சிறையில் மொத்தம் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணாமல், எத்தனை பேர் எவ்வளவு தொகை கட்ட முடியாமல் இருக்கிறார்கள், வெளியே போனவர்களில் எத்தனை பேர் மறுபடி கைதானார்கள் என்று மாதாமாதம் வெளியிட வேண்டும். கவுன்டியின் காவல் தலைவரான ஷெரிஃப் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் தனித்தனியாகக் கிடக்கும் அந்தப் பதிவுகளைச் சேர்க்க ஒரு ஊழியரை நியமிப்பது கவுன்டியின் கையில்தான் இருக்கிறது.