லிட்டில் லீக்: கிரிக்கெட் கண்ணோடு பார்ப்பதால் வரும் தவறுகள்

சனிக்கிழமை காலை எட்டு மணி, பிள்ளைகளுக்கான லிட்டில் லீக் பேஸ்பால் ஆட்டம். புல்லில் பனி இன்னும் காயவில்லை. பேட்டர் அடித்த பந்து உயரே எழும்பியதும் இரண்டாம் பேஸில் (ஓடுகிறவர் வரிசையாகத் தொட வேண்டிய நான்கு மூலைகளில் ஒன்று) நின்ற பையன் மூன்றாம் பேஸை நோக்கி ஓடினான். வேலிக்கு இந்தப் பக்கம் மடக்கு நாற்காலிகளில் இருந்த மூன்று தமிழ்க் குடும்பங்களும் “ஓடு, ஓடு” என்று கத்தினோம். லெஃப்ட் ஃபீல்டர் பந்தைப் பிடித்தான், பதறாமல் இரண்டாம் பேஸுக்கு எறிந்தான். ஒரே பந்தில் இரண்டு அவுட். டக்அவுட்டுக்குத் திரும்பும்போது அந்தப் பையன் எங்களைத்தான் பார்த்தான். கோச் சொல்லிக் கொடுத்தது அவனுக்குத் தெரியும். நாங்கள் கத்தியதால்தான் ஓடினான்.

அதற்குப் பிறகு ஸ்கோர் புத்தகமும் பிட்ச் (பேட்டருக்கு எறியும் ஒவ்வொரு பந்தும்) எண்ணும் கிளிக்கருமாக நிறைய சனிக்கிழமைகள் போய்விட்டன. அமெரிக்காவில் பிள்ளைகளை லிட்டில் லீக்கில் சேர்க்கும் நம்மவர்கள் தடுமாறும் இடங்களைத் தொகுத்துப் பார்த்தால் இரண்டு காரணம்தான் தெரிகிறது. ஒன்று, கிரிக்கெட்டில் ஊறிய கண். இன்னொன்று, டிவியில் பார்க்கும் மேஜர் லீக் (பெரியவர்களின் தொழில்முறை ஆட்டம்) விதிகளே இங்கும் செல்லும் என்ற நினைப்பு. 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் மூன்று அணிகளை வைத்து இதைத் தொடங்கியபோதே மைதானத்தைச் சிறுவர்களின் உயரத்துக்கும் காலுக்கும் ஏற்றபடி சுருக்கிவிட்டார். இன்றைக்கும் 12 வயது வரையிலான பிரிவுகளில் பேஸுக்குப் பேஸ் 60 அடி, பிச்சர் (பேட்டருக்குப் பந்து எறிபவர்) எறியும் தூரம் 46 அடி, ஆட்டம் ஆறு இன்னிங்ஸ். பெரியவர்கள் ஆட்டத்தில் அந்தத் தூரங்கள் 90 அடி, 60 அடி 6 அங்குலம். 12 வயதுப் பிள்ளை 70 மைல் வேகத்தில் எறிந்தால், பேட்டருக்கு எதிர்வினைக்குக் கிடைக்கும் நேரம் பெரியவர்கள் ஆட்டத்தின் 92 மைல் பந்துக்குச் சமம். விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கு இந்தக் கணக்கே பாதி விளக்கம்.

கீழே சொல்வது லிட்டில் லீக்கின் மேஜர் பிரிவும் (12 வயது வரை) அதற்குக் கீழே உள்ளவையும் பற்றி. பெரிய பிரிவுகளில் சில விதிகள் மாறும்.

கேட்ச் பிடித்தாலும் ஆட்டம் நிற்காது

கிரிக்கெட்டில் கேட்ச் பிடித்த கணமே பந்து செத்தது. பேட்ஸ்மேன் பெவிலியனுக்கு, மற்றவர்களுக்குத் தண்ணீர். பேஸ்பாலில் கேட்சுக்குப் பிறகும் பந்து உயிரோடு இருக்கிறது. பேஸை விட்டு விலகியிருக்கும் ரன்னர் திரும்பி வந்து தன் பேஸைத் தொட்டாக வேண்டும். அதற்குள் பந்தோடு ஃபீல்டர் அந்தப் பேஸைத் தொட்டால் ரன்னரும் அவுட். நாங்கள் கத்திக் கெடுத்த ஆட்டம் இதுதான். இதன் மறுபக்கத்தையும் பலர் கவனிப்பதில்லை. கேட்ச் முடிந்ததும் பேஸைத் தொட்டு நிற்கும் ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடலாம். மூன்றாம் பேஸில் இருப்பவன் ஆழமான கேட்சுக்குப் பிறகு ஓடி ரன் எடுப்பது இப்படித்தான்.

தரையில் உருண்டு போகும் பந்துக்கு வேறு குழப்பம். நல்ல பகுதியில், அதாவது இரண்டு பக்கமும் உள்ள ஃபவுல் கோடுகளுக்குள், அடித்துவிட்டால் ஓடலாமா வேண்டாமா என்ற கேள்வியே கிடையாது, ஓடியே தீர வேண்டும். பேட்டர் முதல் பேஸுக்கு வருவதால் அங்கே இருப்பவனும் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். அப்படி வேறு வழியில்லாமல் ஓடுகிறவனை அவுட்டாக்க, அவன் போகும் பேஸைப் பந்தோடு தொட்டால் போதும். பின்னால் தள்ளுகிறவர் யாரும் இல்லாமல் தானாக ஓடுகிறவனைப் பந்தால் தொட வேண்டும். பேட்டர் முதலில் அவுட்டாகிவிட்டால் அவனுக்கு முன்னால் ஓடுகிறவனுக்கு அந்தக் கட்டாயம் போய்விடுகிறது, அவனையும் தொட்டுத்தான் ஆக வேண்டும். பத்து வயது ஃபீல்டர்கள் பேஸை மட்டும் மிதித்துவிட்டு நிற்பதும், ரன்னர் அந்த இடைவெளியில் தப்பிப்பதும் வாரம் தவறாமல் நடக்கிறது.

இன்ஃபீல்ட் ஃப்ளை என்ற விதியில் பெற்றோர் கோபப்படுவதை நிறைய பார்த்திருக்கிறேன். இரண்டு அவுட்டுக்குக் குறைவாக இருந்து, முதல் இரண்டு பேஸிலோ மூன்று பேஸிலுமோ ஆள் இருக்கும்போது, இன்ஃபீல்டர் (பேஸ்களை ஒட்டி நிற்பவர்) எளிதாகப் பிடிக்கக்கூடிய உயரப் பந்து நல்ல பகுதியில் எழும்பினால், அம்பயர் கையை உயர்த்தி பேட்டரை அவுட் என்று அறிவிக்கிறார். ஃபீல்டர் அதைத் தவறவிட்டாலும் பேட்டர் அவுட்தான். இந்த விதி இல்லாவிட்டால் ஃபீல்டர் வேண்டுமென்றே பந்தைக் கீழே விட்டு, ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவிக்கும் இரண்டு ரன்னர்களை அவுட்டாக்கிவிடலாம். ரன்னர்களைக் காக்கத்தான் இது. பந்து கீழே விழுந்ததைப் பார்த்து “ஓடு” என்று கத்தினால் அந்தக் காப்பை நாமே பிடுங்கிவிடுகிறோம். அவன் ஓட வேண்டிய கட்டாயம் இல்லை, ஓடினால் அவன் பொறுப்பு.

கை பேட்டின் பகுதி இல்லை

கிரிக்கெட்டில் பேட்டைப் பிடித்திருக்கும் கையுறை பேட்டாகவே கணக்கு. அதனால் பந்து விரலில் பட்டு உருண்டால் நம் வாயில் தானாக “ஓடு” வருகிறது. பேஸ்பாலில் கை, உடம்பின் பகுதி. பந்து கையில் பட்டதுமே ஆட்டம் நிற்கிறது. பேட்டர் பேட்டை வீசியிருந்தால் அது ஸ்ட்ரைக் (மூன்று சேர்ந்தால் பேட்டர் அவுட்). வீசாமல், விலக முயன்றும், ஸ்ட்ரைக் பகுதிக்கு (பேட்டர் அடிக்க வேண்டிய பந்து வரும் இடம்) வெளியே பட்டிருந்தால் முதல் பேஸ். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி விரலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே முதல் பேஸுக்கு ஓடினாள், பின்னால் அவள் அப்பாவின் குரல். ஓட வேண்டிய தேவையே இல்லை. கோச் வந்து விரலைப் பார்க்கும் வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.

கோடுகளும் நமக்கு நேரெதிர். கிரீஸில் கோட்டின் மேலேயே பேட் இருந்தால் அவுட் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே ஃபவுல் கோட்டின் மேல் பட்ட பந்து நல்ல பந்து, கோட்டின் முடிவில் நிற்கும் கம்பத்தில் பட்டாலும் நல்ல பந்துதான்.

பேஸை விட்டுக் கிளம்புவதும் சறுக்குவதும்

டிவியில் ரன்னர்கள் பேஸை விட்டுப் பல அடி விலகி நிற்பதைப் பார்த்த பிள்ளைகள் அதையே செய்கிறார்கள். இந்தப் பிரிவுகளில், எறிந்த பந்து பேட்டரை எட்டும் வரை ரன்னரின் கால் பேஸை விட்டு நகரக் கூடாது. கிரிக்கெட்டில் சீக்கிரம் கிளம்பும் நான்-ஸ்ட்ரைக்கரை ரன் அவுட் செய்யலாம் என்பதால் இங்கும் அவுட் கேட்கும் அப்பாக்கள் உண்டு. இங்கே அதற்காக அவுட் இல்லை. அந்தப் பந்தின் ஓட்டமெல்லாம் முடிந்ததும் அம்பயர் ரன்னரைத் திருப்பி அனுப்புகிறார். அந்த ஓட்டத்தில் அவன் அவுட்டாகியிருந்தால் மட்டும் அது நிலைக்கும்.

“கட்டாயம் சறுக்க வேண்டும்” என்பது மைதானம் மைதானமாகச் சுற்றும் தப்பான விதி. விதி சொல்வது இதுதான்: ஃபீல்டர் பந்தோடு தொடக் காத்திருக்கும்போது, ரன்னர் சறுக்க வேண்டும் அல்லது அவரைச் சுற்றிப் போக முயல வேண்டும். இரண்டும் செய்யாமல் மோதினால் அவுட். தலையை முன்னால் நீட்டிச் சறுக்கினாலும் அவுட், அதுவும் முன்னேறும்போது மட்டும். ஏற்கெனவே இருந்த பேஸுக்குத் திரும்பும்போது தலை முன்னால் போகலாம். கழுத்தையும் விரல்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி இது, வீட்டில் புல்வெளியில் பழகும்போதே கால் முன்னால் சறுக்கச் சொல்லிக் கொடுங்கள்.

பேட் விஷயத்தில் இரண்டே வார்த்தை. 2018 முதல் இந்தப் பிரிவுகளில், ஒரே மரத்துண்டால் ஆன பேட்டைத் தவிர்த்தால், யுஎஸ்ஏ பேஸ்பால் முத்திரை உள்ள பேட்தான் செல்லும். யுஎஸ்எஸ்எஸ்ஏ என்ற வேறொரு அமைப்பின் முத்திரை மட்டும் உள்ள பேட், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், பிள்ளையை அவுட்டாக்கிவிடும். தன் முறை வருவதற்கு முன் பேட்டைக் கையில் பிடித்துச் சுழற்றவும் கூடாது. அடுத்த பேட்டர் வெளியே நின்று பழகும் வட்டம் இந்தப் பிரிவுகளில் கிடையாது. இன்னிங்ஸின் முதல் பேட்டருக்கு மட்டும் விலக்கு.

யார் கேட்கலாம், எப்போது

எல்லாப் பிள்ளைகளும் ஆட வேண்டும் என்பது லீக்கின் உயிர்நாடி. வழக்கமான சீசனில் ஒவ்வொருவரும் ஆறு அவுட்டுகளுக்கு ஃபீல்டிங்கில் நிற்க வேண்டும், ஒரு முறையாவது முழுசாக பேட் செய்ய வேண்டும். ஆறு அவுட் என்றால் இரண்டு இன்னிங்ஸ். ஐந்தாவது இன்னிங்ஸின் நடுவில் உள்ளே வரும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு நிரம்பப் பெரும்பாலும் வாய்ப்பில்லை, அது கோச்சின் கவனக்குறைவு. உங்கள் பிள்ளைக்கு அது நடந்தால், ஆட்டம் முடிந்தபின் அமைதியாகச் சொல்லுங்கள். விடுபட்ட பங்கை ஈடுகட்ட அடுத்த ஆட்டத்தில் தொடக்கத்திலேயே இறக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. “என் பிள்ளைக்கும் கொஞ்சம் வாய்ப்புக் கொடுங்களேன்” என்று கெஞ்ச வேண்டிய விஷயம் இல்லை இது. சில பெற்றோர் கூச்சப்பட்டே பாதி சீசனை விட்டுவிடுகிறார்கள்.

அம்பயரிடம் பேசுவது வேறு. பந்து ஸ்ட்ரைக்கா, ரன்னர் அவுட்டா என்பது அவர் கண்ணின் தீர்ப்பு, அதில் முறையீடு கிடையாது. விதியைத் தப்பாகப் பயன்படுத்தியதாகத் தோன்றினால் மேனேஜர் மட்டும், அடுத்த பந்து எறியப்படுவதற்கு முன் சொல்ல வேண்டும். வேலிக்கு வெளியிலிருந்து கத்துவது எந்தக் கணக்கிலும் சேராது. அம்பயராக நிற்பவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர், சிறு பிரிவுகளில் பள்ளி மாணவராகவும் இருக்கலாம்.

கை எண்ணிக்கை

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிய கவலை இதுதான். கிரிக்கெட்டில் முழங்கையை 15 பாகைக்கு மேல் நீட்டினால் எறிதல் என்கிறோம். பேஸ்பாலில் ஒவ்வொரு பந்தும் எறிதலே, வளரும் முழங்கையின் எலும்பு நுனிகளில் இழுப்பு ஒவ்வொரு முறையும் விழுகிறது. 2007-இல் லிட்டில் லீக் இன்னிங்ஸ் கணக்கை விட்டுவிட்டு பிட்ச் கணக்குக்கு மாறியது. ஒரு நாளைக்கு 7, 8 வயதுக்கு 50 பிட்ச், 9, 10 வயதுக்கு 75, 11, 12 வயதுக்கு 85. இங்கே வயது என்பது லீக் கணக்கிடும் வயது. பிறந்தநாள் கேக்கில் இருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போகாமல் இருக்கலாம், பதிவுத் தாளில் பாருங்கள்.

அதிகம் தவறுவது ஓய்வு நாள் கணக்கில். 20 வரை எறிந்தால் ஓய்வு தேவையில்லை. 21 முதல் 35 வரை ஒரு நாள், 36 முதல் 50 வரை இரண்டு, 51 முதல் 65 வரை மூன்று, 66-க்கு மேல் நான்கு. இவை காலண்டர் நாட்கள், மணிக்கணக்கு இல்லை. திங்கள் மாலை 40 எறிந்தவன் செவ்வாயும் புதனும் எறியக் கூடாது, வியாழன் எறியலாம். சனிக்கிழமை 70 எறிந்தவனுக்கு ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் நான்கும் ஓய்வு. “புதன் மாலைக்குள் நான்கு நாள் ஆகிவிட்டதே” என்று ஒரு முறை வாதாடியவரோடு சேர்ந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். ஆட்டம் ஆடிய சனிக்கிழமையையும் சேர்த்து எண்ணியிருந்தார்.

ஃபவுல் ஆன பந்தும் கணக்கில் உண்டு. எல்லைக்கு வரும்போது ஒரு பேட்டர் நடுவில் இருந்தால், அவரோடு முடிக்கலாம். 33-இல் ஒரு பேட்டரைத் தொடங்கி 38-இல் முடித்து, அடுத்தவருக்கு எறியாமல் இறங்கினால் ஒரு நாள் ஓய்வே போதும். பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் கதையையும் மறக்கக் கூடாது. 41 அல்லது அதற்கு மேல் எறிந்தவன் அன்று கேட்சராக நிற்க முடியாது. நான்கு இன்னிங்ஸ் கேட்சராக நின்றவன் அன்று பிச்சராக முடியாது. கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான் என்பது நாற்காலியில் இருந்து பார்த்தால் தெரிவதில்லை.

ஒரு மே மாத மாலை, நான்காவது இன்னிங்ஸ். பதினோரு வயதுப் பையன், என் கிளிக்கரில் 58. ஒவ்வொரு பந்துக்கும் பிறகு முழங்கையை இடுப்பில் அழுத்திக்கொண்டான். லீக் கணக்கில் இன்னும் 27 பந்து மீதி. இன்னிங்ஸ் முடிந்து எதிரணிக் கணக்காளரோடு எண்ணை ஒத்துப் பார்த்தபோது அவர் மெல்லக் கேட்டார், “இவன் வியாழக்கிழமை டிராவல் அணிக்கும் எறிந்தானே?” உண்மைதான். எங்கள் தாளில் அது இல்லை. லீக்குக்கு வெளியே ஆடும் டிராவல் அணியின் எண்ணை லீக் சேர்த்துக் கணக்கிடுவதில்லை, கைக்கு அந்த வித்தியாசம் கிடையாது. கோச்சிடம் சொன்னேன், பையனை அந்த இன்னிங்ஸோடு இறக்கினார்.

இரண்டு அணியில் ஆடும் பிள்ளைக்கு எண்ணிக்கை வைத்திருக்கக்கூடிய ஒரே ஆள் வீட்டில் இருப்பவர்தான். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மாதக் காலண்டர் ஒட்டியிருக்கிறோம். எறிந்த நாளில் எண், அடுத்த நாட்களில் சிவப்புக் கோடு, எந்த அணியாக இருந்தாலும் ஒரே காலண்டர். வெள்ளிக்கிழமை இரவு அதைப் பார்த்து கோச்சுக்கு ஒரு வரிச் செய்தி அனுப்பிவிடுகிறோம்: “வியாழன் வேறிடத்தில் 52 எறிந்திருக்கிறான், நாளை பிச்சராக வேண்டாம், ஷார்ட்ஸ்டாப்பில் நிறுத்துங்கள்.” இதுவரை எந்த கோச்சும் மறுத்ததில்லை.